ஓட்டை விழுந்த கீரை

கியா பார்ம் மலைச்சந்தையில், ஒரு காய்கறிக் கடையில் கீரைக் கட்டைக் கையில் எடுத்தபோது, கடைக்குப் பின்னாலிருந்த தோட்டத்திலிருந்து களையைக் கருக்கும் புல்மருந்து நெடி வந்தது. அது அப்பாவின் சட்டை வாசம். எஸ்டேட்டில் தேயிலை வரிசைகளுக்கிடையே மருந்தடித்துவிட்டு அவர் வந்ததும், அம்மா அந்தச் சட்டையை எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் அலசி, தண்ணீரை எப்போதும் ஒரே இடத்தில் ஊற்றுவாள். சுற்றிலும் மண் பொதபொதவென்று, மண்புழுவும் அட்டையும் பூரானுமாக நெளிந்துகொண்டிருக்க, அந்த இடம் மட்டும் புல் பூண்டில்லாமல் சிமெண்டுத் தரைபோல இறுகிக் கிடந்தது. எங்களுக்கு அதுதான் சுத்தமான இடம். அட்டை கடிக்காது என்று அங்கேதான் வெறுங்காலோடு பாண்டி விளையாடுவோம்.

அம்மா அந்தப் பக்கம் கீரை பறிக்க மாட்டாள். தூரத்து மேட்டுக்குக் கூட்டிப்போய்ப் பறிக்கும்போதும், "பூச்சி கடிச்ச இலையாப் பாத்து எடு. பூச்சியே தொடலன்னா நாம எப்படி திங்கிறது லா?" என்பாள்.

நான் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்த கடைக்காரப் பெண், "நல்லாப் பாருங்கக்கா, ஒரு ஓட்டைகூட இருக்காது லா," என்றாள்.

அவளுக்குப் பின்னால், புல் முளைக்காத தரையில், அவளுடைய பிள்ளைகள் வெறுங்காலோடு பாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.