வீட்டுக்குள் நடந்த ஒற்றைக் கால்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள், எதற்கும் பயந்ததில்லை. பகலில் எங்கள் கரிக்கலாம்பாக்கம் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

ஒரு மத்தியானம், வீட்டு மனை போட்டுக் கட்டட வேலை நடக்கும் வயல் வழியாக வீட்டுக்கு வந்து, சமையல்கட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். வாசலிலிருந்து என் பின்னாலேயே இரத்தக் கால்தடம் வந்திருந்தது. வலது கால் மட்டும். கூடத்துக்குப் போனேன், அங்கேயும் வந்தது. துடைத்துவிட்டு, வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தேன். மறுநாளும் வந்தது.

அன்று எனக்குச் சர்க்கரை பார்க்க நர்சம்மா வந்தாள். எப்போதும் "மாத்திரை போட்டியா?" என்று அதட்டுவாள். போட்டேன் என்று பொய் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த முறை, எப்படிப் பேசுவது என்று ஏதோ பயிற்சிக்குப் போய்வந்திருந்தாளாம். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா ஆயா, மூஞ்சே சரியில்ல?" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கால் எந்தப் பக்கமா நடக்குது ஆயா?"

"நான் போற பக்கமே வருதும்மா."

"உன் காலைக் கொஞ்சம் காட்டு."

வலது குதிகாலில் ஓர் ஆணி முழுசாக இறங்கியிருந்தது. சர்க்கரை காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரியில் பிடுங்கும்போதும் யார் காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு நாள் போயிருந்தால் காலையே எடுத்திருப்போம் என்றார் டாக்டர்.

"இனிமே இன்னா பண்ணலாம், நீயே சொல்லு ஆயா" என்றாள் நர்சம்மா. எங்கள் வீட்டுக்குள் செருப்பு ஏறியதே இல்லை. சாமி மாடம் வரைக்கும் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அப்படியே செய்கிறேன். மாத்திரையும் போடுகிறேன். தினமும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். பிறகு திரும்பி, தரையையும் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியது என் பேத்தி. எங்கடி, படிச்சுக் காட்டு. நான் பொய் சொன்னதை எழுதினியா, விட்டுட்டியா?