தயிர்சாதம் பிசைந்த கை

புயல் கடந்த மறுநாள் ஏரி நிரம்பி வழிந்து, திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள அந்தக் கிராமத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஊர்த்தெரு, காலனி இரண்டும் மூழ்கியதால் எல்லோரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியரான எனக்கும் அங்கேயே டியூட்டி. இரண்டு நாளாகச் சேற்றுத் தண்ணீரில் நடந்து கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது.

அங்கே சமைத்தவர் காலனியைச் சேர்ந்த ஒரு அக்கா. மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவர். யாரும் கேட்காமலே சத்துணவுக் கூடத்து அண்டாவை இறக்கி, ஈர விறகோடு மல்லுக்கட்டி அடுப்பை மூட்டிவிட்டார். முதல் நாள் மதியம் ஊர்த்தெருக்காரர்கள் தள்ளியே நின்றார்கள். பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்த பிறகு தட்டோடு வந்தார்கள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. மதியத்துக்குள் ஏழு பேர். முதலில் தண்ணீர்த் தொட்டி மேல்தான் எனக்குச் சந்தேகம். சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டேன். நன்றாக மஞ்சளாக மாறியது. குளோரின் சரியாகத்தான் இருந்தது. பிறகு பாய் பாயாகப் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஏழு பேரும் முந்தின நாள் மதியம் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தார்கள். சாம்பார் சாதத்தோடு எழுந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தயிர்சாதத்தை அக்கா கையால் பிசைந்ததை நானே பார்த்திருந்தேன்.

அவரைக் காலியான ஒரு வகுப்பறைக்குக் கூப்பிட்டேன். கண் உள்ளே போயிருந்தது.

"அக்கா, உங்களுக்கு வயிறு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"எப்பலேர்ந்துக்கா?"

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "நேத்து காலைலேர்ந்து போய்க்கினு கீது. மாத்திரை போட்டுக்கினேன். நான் படுத்துக்கினா அண்டாவை யாரு தூக்குறது?"

"நீங்க சமைக்க வேணாம்க்கா. நல்லாகி ரெண்டு நாள் போகட்டும். உங்ககிட்டேர்ந்துதான் மத்தவங்களுக்குப் போயிருக்கும்னு நினைக்கிறேன்."

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"இத்தினி வருசம் எங்க கையால ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிக்காதவங்க சிஸ்டர். முந்தாநாள்தான் தட்டை நீட்னாங்க. இன்னிக்கு நீ வந்து என் கை சரியில்லன்றே. வெளிய போயி இன்னா சொல்லப் போறே?"

"உடம்பு சரியில்ல, ஓய்வு எடுக்கிறாங்கன்னு மட்டும் சொல்றேன்."

அப்படித்தான் சொன்னேன். ஆனால் ஏழு பேர் படுத்திருக்கும் இடத்தில் சமைத்தவரை நிறுத்தினால் யாருக்குப் புரியாது? ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் அன்னிக்கே சொன்னேன், இங்க துன்ன வேணாம்னு" என்றார்.

எனக்குக் கோபம்கூட முழுதாக வரவில்லை, அவ்வளவு அசதி. "பெரியவரே, உங்க தெரு கக்கூஸ் தொட்டி நிரம்பி வந்த தண்ணியிலதான் அவங்க இடுப்பளவு நடந்து வந்தாங்க. இந்த நோவு யாருக்கு வேணா வரும்" என்றேன். அன்று சாயங்காலம் பள்ளியின் பின்புறம் ஊர்த்தெருப் பெண்கள் தனியாக மூன்று செங்கல் வைத்து உலை ஏற்றினார்கள்.

பழைய அடுப்பைக் காலனிப் பெண்கள் பார்த்துக்கொண்டதால், அதன் பிறகு எனக்குக் கண்காணிக்க இரண்டு அடுப்பு. இரண்டு இடத்திலும் சோப்பு வைத்து, கை கழுவாமல் யாரையும் கரண்டி தொட விடாமல் நின்றேன். கக்கூஸ் வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவினேன். உடம்பில் நீர் வற்றிப்போன இரண்டு குழந்தைகளை ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்கு அனுப்பினேன். இருவரும் பிழைத்துத் திரும்பினார்கள். அக்கா வகுப்பறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உப்பு சர்க்கரைக் கரைசலை முதலில் வாங்க மறுத்தார். பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போனபோது டம்ளர் காலியாக இருந்தது. அடுத்த நான்கு நாளும் புதிதாக யாருக்கும் வரவில்லை. தனி அடுப்பு மட்டும் கடைசி நாள் வரை எரிந்தது.

தண்ணீர் வடிந்து எல்லோரும் வீடு திரும்பிய வாரம், பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. நானே போய்ப் பேசினேன்.

"உடம்பு தேவலையாக்கா?"

"நல்லா கீது." ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "உம் மேல கோவம் இல்ல சிஸ்டர். நீ செஞ்சது சரிதான். ஆனா இனிமே அவங்க எங்க கையால துன்ன மாட்டாங்க. அது மட்டும் எனக்குத் தெரியும்."

வேறு மாதிரி செய்திருக்க முடியுமா என்று இப்போதும் யோசிக்கிறேன். வழி ஒன்றும் தோன்றவில்லை. கம்பெனி பஸ் வந்தது, ஏறிப் போனார். ஊர்க் கிணறுகளுக்கு மருந்து போடும் வேலை இன்னும் பாதி பாக்கி இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.