ஆறாவது எபிசோடும் மேட்டுத் தெருத் தண்ணியும்

இளவழகன் நேரில் அதிகம் பேசமாட்டான். ஃபோனில்தான் பேசுவான், அதுவும் இரண்டே இடத்தில்.

ஒன்று, ‘மேட்டுத் தெரு தண்ணீர்’ என்ற வாட்ஸப் குழு. செஞ்சியில் மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் தெருவுக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவது அவன் வேலை. வால்வைத் திருப்பிவிட்டு அங்கே நின்றபடியே வாய்ஸ் போடுவான். “தண்ணி திறந்தாச்சு. மோட்டார் வச்சு இழுக்காதீங்கபா. கடைசி வூட்டுக்கும் வரணும்.” அந்தக் குரல் கேட்டால்தான் குடங்கள் வெளியே வரும்.

இன்னொன்று, ‘ஞாயிறு எபிசோடு’. அதில் ஆறே பேர், நானும் ஒருவன். ஜப்பானில் ஞாயிறு இரவு ஓடும் அனிமே என்ற பொம்மைப் படத் தொடர் கொஞ்ச நேரத்திலேயே சப்டைட்டிலோடு ஆப்பில் வந்துவிடும். நம் ஊரில் அப்போது சாயங்காலம். பார்த்து முடித்ததும் இளவழகன் அந்த எபிசோடைப் பற்றி வாய்ஸ் போடுவான். ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருந்தபோது ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் மணிப்பூர்ப் பையன் பழக்கிவிட்டது. வேலை போய் ஊர் திரும்பினான், இது போகவில்லை.

கதையை அவன் சொல்லவே மாட்டான். கதையிலிருந்து ஒரு கையையோ ஒரு கதவையோ மட்டும் எடுத்துக்கொள்வான். இந்த முறை நாங்கள் பார்த்துவந்தது மழையே பெய்யாத ஒரு தீவின் கதை. தீவுக்கு ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குக் காவல் ஒரு சிறுமி. மூன்றாவது எபிசோடுக்கு அவன் போட்ட வாய்ஸ் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. “அந்தப் பொண்ணு மூடியத் திறக்கறா. உள்ள இன்னா இருக்குதுன்னு காட்டல. அவ மூஞ்சில தண்ணி வெளிச்சம் ஆடுது, அவ்ளோதான். நான் தெனமும் மூடியத் திறக்கறேன். என் மூஞ்சிலயும் அது ஆடியிருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.” நான் தேடிப்போய் வாங்கும் கவிதைத் தொகுப்புகளில் இப்படி ஒரு வரி கிடைக்கப் பல பக்கம் புரட்ட வேண்டியிருக்கும்.

ஜப்பான் பெயர்கள் எங்கள் வாயில் நிற்காது. அதனால் ஒவ்வொரு தொடர் ஆரம்பிக்கும்போதும் சீட்டுக் குலுக்குவோம். பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் எங்களில் ஒருவர் பெயர். நர்சிங் படிக்கும் பூங்குழலிக்குச் சிறுமி விழுந்தாள். எனக்கு, வாயே திறக்காத ஒரு ஆடு. நல்லவன் மாதிரி கூடவே திரிந்து தீவைக் கெடுக்கப் பார்க்கும் வில்லன் தங்கராஜுக்கு விழுந்தான்.

“வுட்றா, வில்லனுக்குத்தான் நல்ல நல்ல டயலாக்கு” என்று தங்கராஜ் குதித்தான்.

தங்கராஜ் எங்கள் தெரு ஆள் இல்லை. ஊர்ப்பக்கத்து விவசாயக் குடும்பம். தொட்டிக்குப் பக்கத்துக் கொல்லி, வேர்க்கடலை போடும் நிலம், அவர்களுடையது. குழுவில் அந்தப் பக்கத்திலிருந்து அவன் ஒருவன்தான். ஞாயிறு சாயங்காலம் அவன் கொல்லியில் இருக்கும் மோட்டார் கொட்டாயில் அவனும் இளவழகனும் ஒரே ஃபோனில் பார்ப்பார்கள். அது எங்கள் ஆறு பேரைத் தவிர இரண்டு பக்கத்திலும் யாருக்கும் தெரியாது. தெரிந்தது வேறு ஒன்று. போன கோடையில் எங்கள் தெருக் குழாய் உடைந்து தண்ணீர் அவன் வேர்க்கடலைக்குள் புகுந்தபோது, தங்கராஜ் வரப்பில் நின்று கத்தினான்: “இந்தத் தொட்டி இருந்தாத்தானே? இல்லாம பண்ணிடறேன் பாரு.” கோபத்தில் சொன்னது. மறுநாளே இளவழகனிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ஆனால் கத்தியதைத் தெருவே கேட்டது, தலையைச் சொறிந்ததை யாரும் பார்க்கவில்லை.

ஆறாவது எபிசோடு வந்த ஞாயிறு, இருவரும் கொட்டாயில் பார்த்தார்கள். முடியும் இடத்தில் வில்லன் தொட்டிமேல் ஏறி விஷத்தை ஊற்றுகிறான். இசை இல்லை. காற்றுச் சத்தமும் சீசாவின் கழுத்துச் சத்தமும் மட்டும். அப்படியே திரை கறுத்துவிடும். தண்ணீர் திறக்கும் நேரம் ஆகிவிட்டதென்று இளவழகன் வண்டியை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வந்தான். வால்வைத் திருப்பினான். ‘தண்ணி திறந்தாச்சு’ என்று தண்ணீர்க் குழுவில் போட்டான். நெஞ்சுக்குள் இருந்த அந்தக் காட்சியை இறக்கிவைக்க வேண்டும்போல் இருந்தது. ஈரக் கையோடு மறுபடி பட்டனை அழுத்திப் பேசினான். குழுவை மாற்றவில்லை. ‘எபிசோடு பார்க்காதவங்க கேக்காதீங்க’ என்று எப்போதும் சொல்லும் முன்வரியையும் அன்று சொல்லவில்லை.

“தங்கராஜ் வேலையக் காட்டிட்டான்பா. தொட்டியில வெஷத்த ஊத்திட்டான். கை கொஞ்சம்கூட நடுங்கல அவனுக்கு. கொழந்தைங்கல்லாம் அந்தத் தண்ணியத்தான் குடிக்கப் போவுது. நான் என் கண்ணால பார்த்துனு உக்காந்துனு இருக்கறேன், ஒண்ணும் பண்ண முடியல.”

போட்டுவிட்டு ஃபோனைப் பையில் வைத்துக்கொண்டு, கசியும் ஜாயிண்டைப் பார்க்கத் தெருவின் மறுகோடிக்குப் போய்விட்டான்.

நான் வீட்டில் இருந்தேன். குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, எந்தக் குழுவில் கேட்கிறேன் என்பதும் அடுத்த நொடியே புரிந்தது. அவனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. குழுவில் ‘இது அனிமே கதை, நிஜம் இல்லை’ என்று அடித்தேன். அதன்மேல் அழுகையும் கேள்வியுமாக வாய்ஸ்கள் விழுந்து என் வரி மேலே போய்விட்டது. வெளியே குடங்கள் கவிழும் சத்தம். தண்ணீர் தெருவில் ஓடியது. ஒரு அம்மா பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

வேறு ஊர்களில் எங்களைப் போன்றவர்களின் தொட்டிகளில் மலம் கலந்ததைப் பற்றிச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் தெரு அந்தத் தொட்டியைக் கண்ணால் தடவிக்கொண்டுதான் இருந்தது. ஏணிக்கு இரும்புக் கதவும் பூட்டும் அதற்குப் பிறகுதான் வந்தன. போராடி வாங்கியவர் சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் மீனம்பாள் அத்தை. சாவி இளவழகனிடம், சொன்னதும் அவனே. ஆகவே யாரும் ‘அப்படி நடக்குமா’ என்று கேட்கவில்லை. ‘நடந்துடுச்சு’ என்றுதான் சொன்னார்கள்.

ஜெயராமன் அண்ணன் தலைமையில் பத்துப் பதினைந்து பேர் கொல்லிக்கு ஓடினார்கள். தங்கராஜ் காதில் இயர்ஃபோனோடு அதே கடைசிக் காட்சியை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தானாம். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து தெருக் குழாயடியில் நிறுத்தினார்கள். மேல் பட்டன் இரண்டு இல்லை. ஒருவன் கையில் விறகுக்கட்டை.

இளவழகன் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“அண்ணா, உடுங்கண்ணா. நான் பேசினது படத்தைப் பத்தி. குரூப்பு மாறிப்போச்சு.”

“இன்னா படம்?” என்றார் ஜெயராமன்.

“அனிமே. ஜப்பான் பொம்மைப் படம்.”

“பொம்மைக்கு எதுக்குடா தங்கராஜ்னு பேரு?”

“சீட்டுக் குலுக்கிப் போட்டோம்ணா.”

“நக்கலா இருக்குதா உனக்கு? ஊர்ல அத்தன பேரு இருக்க, இவன் பேருதான் உழுந்துச்சா?”

இளவழகன் ஃபோனை எடுத்தான். எபிசோடு சுற்றிக்கொண்டே நின்றது, திறக்கவில்லை. எல்லோரும் அந்த வட்டத்தையே பார்த்தார்கள். ஒருவழியாக வந்தது. ஒரு சின்னத் திரைக்குமேல் இருபது தலைகள். தீவு, தொட்டி, ஏறும் ஆள், சீசா.

“பொம்மைதாண்டா” என்றது ஒரு குரல்.

“பொம்மைதான். பொம்மையப் பார்த்துட்டு இவனும் ஊத்தியிருந்தா?” என்றார் ஜெயராமன். “ஏண்டா, ரெண்டு பேரும் கொட்டாயில ஒண்ணா உக்காந்துதான் பார்த்தீங்களாமே, இவனே வர்ற வழியில சொன்னான். எத்தன நாளா? சாவி உன் கிட்டதானே இருக்குது?”

அதுவரை தங்கராஜைப் பார்த்த கண்களில் பாதி இளவழகன் பக்கம் திரும்பியது. அவன் வாயைத் திறந்தான். வாராவாரம் ஆறு பேருக்கு ஒரு கையையும் ஒரு கதவையும் சொல்லத் தெரிந்தவனுக்கு, ‘நாங்க சிநேகிதங்க’ என்ற இரண்டு சொல் வரவில்லை. நான் கூட்டத்தின் ஓரத்திலிருந்து, “நானும் அந்தக் குழுவுல இருக்கறேன், சீட்டு நிஜம்தான்” என்றேன். பக்கத்தில் நின்ற இருவருக்கு மட்டும் கேட்டிருக்கும்.

அப்போதுதான் தெரு முனையில் வண்டி வெளிச்சம் தெரிந்தது. நாலைந்து பைக்குகள். முன்னால் தங்கராஜின் மாமா ராமகிருஷ்ணன். அவர் இறங்கவில்லை, இன்ஜினையும் நிறுத்தவில்லை. தெருவுக்குள் ஒரு அடிகூட வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டை வைத்திருந்தவன் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தான். இங்கே ஒரு கை விழுந்தால் அங்கிருந்து எத்தனை வரும் என்பதை எல்லோருமே கணக்குப் போட்டிருப்பார்கள்.

மீனம்பாள் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் சொம்பு. குழாயைத் திறந்து பிடித்தார். தண்ணீர் ததும்பியது. தங்கராஜிடம் நீட்டினார்.

“நீ கலக்கலன்னா குடி நைனா.”

தங்கராஜ் சொம்பைப் பார்த்தான். கை எழுந்தது. பாதியில் நின்றது. பார்வை ஒரு முறை தெரு முனைக்குப் போய்த் திரும்பியது.

“பாத்தியா பாத்தியா, யோசிக்கறான்” என்று யாரோ கத்தினார்கள். கட்டை மேலே எழும்பியது. ஜெயராமனின் கை காலரை மறுபடி பிடித்தது.

இளவழகன் தங்கராஜின் கண் போன திசையைப் பார்த்தான். கொட்டாயில் ஒரே பொட்டலத்தில் மிக்சர் தின்றவர்கள். ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவர்கள்தான். ஆனால் அங்கே யாரும் பார்த்ததில்லை. எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரை, எங்கள் வீட்டுச் சொம்பில், மாமா பார்க்கக் குடித்ததில்லை. கூட்டம் அதை விஷம் என்று படித்தது. இளவழகன் சரியாகப் படித்தான். அவன் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். ‘அது இல்ல, அவன் யோசிக்கறது வேற’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டை இறங்கியிருக்கும். அவன் சொல்லவில்லை. தங்கராஜையே பார்த்தபடி நின்றான்.

தங்கராஜ் சொம்பை வாங்கினான். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்தே குடித்தான். பாதி சட்டையில் வழிந்தது. காலி சொம்பை அத்தையிடம் கொடுத்துவிட்டு, “இன்னொன்னு குடுங்க” என்றான்.

“போதும்” என்றார் அத்தை.

முனையில் இன்ஜின் சத்தம் உயர்ந்தது. ராமகிருஷ்ணன் வண்டியைத் திருப்பினார். ‘வாடா’ என்று கூப்பிடவில்லை. மற்ற வண்டிகளும் அவர் பின்னால் போயின.

ஜெயராமன் காலரை விட்டார். பிடித்த இடத்தை ஒரு தரம் நீவியும் விட்டார், தெரியாமல் செய்தது மாதிரி. “இனிமே பொம்மைக்கு உங்கப்பன் பேர வைங்கடா” என்று இளவழகனிடம் உறுமினார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

“நீ சொன்னத நம்பறேன்டா. தண்ணிய நம்பமாட்டேன். கொழந்தைங்க குடிக்கறது. தொட்டிய காலி பண்ணு, கழுவி உடு. காலையில நானே ஏறிப் பார்ப்பேன்.”

“சரி அத்த.”

கூட்டம் கலைந்தது. தொட்டியின் வடிகால் வால்வை இளவழகன் திறந்தபோது நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கற்களுக்கு நடுவே இரைந்து ஓடியது. தங்கராஜும் வந்து நின்றான். வீட்டுக்குப் போகாமல் இங்கே ஏன் வந்தான் என்று நாங்கள் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இளவழகன், “யோசிச்ச இல்ல?” என்றான்.

“மாமா நின்னுனு இருந்தாரு.”

“தெரியும்.”

“குடிச்சேன் இல்ல?”

“குடிச்ச.”

தங்கராஜ் அறுந்த பட்டன் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே, “உங்க தெருவுல ஒருத்தன்கூட, ‘தங்கராஜா, அவன் அப்படிப் பண்ண மாட்டானே’ன்னு சொல்லல” என்றான்.

“எப்படிச் சொல்லுவாங்க? நீ இன்னா இங்க வந்து போயினு இருந்தியா?” என்றான் இளவழகன். குரல் உயரவில்லை. “நானும் உன் கொட்டாய்க்கு இருட்டின பொறவுதான வரப்பச் சுத்தினு வரேன்.”

தங்கராஜ் கோபித்துக்கொண்டு போகவில்லை.

சத்தம் மெலிந்து தொட்டி காலியானதும் இளவழகன் கதவின் பூட்டைத் திறந்தான். பிளீச்சிங் பவுடர் வாளியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். அந்த ஏணி அடியில் ஆடும். நான் டார்ச்சோடு ஒதுங்கினேன். தங்கராஜ் வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தான்.

தெருவிலிருந்து மீனம்பாள் அத்தையின் குரல் வந்தது. “டேய் இளவழகா, கீழ நிக்கறது யாருடா?”

பாதி ஏணியில் அவன் நின்றான். கீழே பார்த்தான். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னான். “தங்கராஜ் அத்த. என் கூட்டாளி.”

வாசல்களில் நின்றவர்கள் எல்லோரும் அத்தை என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தார்கள்.

“கெட்டியாப் புடிச்சிக்கச் சொல்லு” என்றார்.