மூன்றாம் மாடி வாள்வீச்சு

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். எர்ணாவூரில் அரசு கட்டிக் கொடுத்த குடியிருப்பில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. லிப்ட் கிடையாது.

நான் அதிகம் படிக்காதவன். கப்பலில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டுகிற வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் மேலே இருந்தவன் கையிலிருந்து கம்பி நழுவியது. கீழே நான் நின்றிருந்தேன். வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது கால் இருக்கிறது, மடங்காது. கம்பியை விட்டவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையில் யார் கையிலிருந்தும் நழுவும்.

அதற்குப் பிறகு நான் கீழே இறங்க வேண்டும் என்றால் நாலு பேர் தூக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் இறங்கினேன். என் மனைவி இறால் உரிக்கும் வேலைக்குக் காலையில் போனால் இருட்டும்போது வருவாள். அதுவரை நானும் சுவரும்தான். செத்துப் போயிருக்கலாம் என்று தோன்றும். அவளிடம் சொன்னதில்லை.

போனைத் தள்ளிக்கொண்டே இருந்தபோது ஒரு நாள் ஒரு வாள்வீச்சுப் போட்டியின் வீடியோ வந்தது. சக்கர நாற்காலியில் இரண்டு பேர். முகத்தில் வலை. கையில் மெல்லிய கத்தி. நாற்காலி இரண்டையும் ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தார்கள். முன்னால் போக முடியாது. பின்னால் ஓடவும் முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே குத்திக்கொண்டார்கள். மூச்சு விடாமல் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

அதற்குக் கீழேயே ஒரு வாட்ஸப் குழுவில் சேரச் சொல்லி இருந்தது. சேர்ந்தேன். எல்லாரும் தமிழ்க்காரர்கள். கால் போனவர்கள், போலியோ வந்தவர்கள், முதுகில் அடிபட்டவர்கள். என்னைப் போல எழுத வராதவர்கள் பேசி அனுப்புவார்கள். ஒருவர் உடம்பில் குத்துப்பட்ட தடத்தைப் படம் எடுத்துப் பெருமையாகப் போடுவார். ஒருவர் பழைய கையுறை யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்பார். இந்த விளையாட்டில் ஒரு வசதி, தோற்றாலும் எழுந்து போக வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன்.

பல நாள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள், எங்கள் பக்கம் யாராவது இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று கேட்டேன். யாரும் இல்லை. அன்று சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து ஒரு தம்பி வீடியோவில் கூப்பிட்டான். போலியோவில் கால் போனவன். போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, வீட்டில் கம்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

திரைச்சீலை மாட்டும் கம்பி இருந்தது. அதைக் கழற்றினேன். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தேன். அவன் அங்கே, நான் இங்கே. முதலில் கையை நீட்ட வேண்டும், பிறகுதான் உடம்பு போக வேண்டும் என்றான். அது எனக்கு வரவே இல்லை. குத்தும்போதெல்லாம் என் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது.

என்னுடன் வேலை செய்த தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா மாமு, குந்திகினே சண்டையா? இது எங்க வூட்ல தெனம் நடக்குது" என்றான் ஒருவன்.

ஆனாலும் கயிறு கொண்டுவந்தார்கள். நாற்காலியை ஜன்னல் கம்பியோடும் கட்டில் காலோடும் சேர்த்து, கன்டெய்னரைக் கட்டுவது போலவே இழுத்துக் கட்டினார்கள். இனிமேல் கப்பல் கவிழ்ந்தாலும் நீ கவிழ மாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் போனில் சண்டை, திரையில் தெரியும் ஆளைப் பார்த்து இரண்டு பேரும் கம்பை நீட்டுவோம். போட்டியில் குத்து பட்டால் குத்தியவன் பக்கம் விளக்கு எரியும். போனில் விளக்கு எரியாது, நடுவர் இல்லை. அதனால் எங்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். குத்து வாங்கியவன்தான் வாயால் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போகப் போக அவனும் சொல்ல ஆரம்பித்தான். "பட்டுச்சுண்ணே" என்பான். சில நாள் என்னை விட அதிகம் சொல்வான். அந்த வார்த்தைக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன். முகம் மழித்தேன். சோறு இறங்கியது. சுவரில் கரியால் வட்டம் போட்டுக் குத்தினேன். சுண்ணாம்பு உதிர்கிறது என்று மனைவி திட்டுவாள். திட்டிவிட்டு, முன்பு போல் இல்லை, முகம் தெளிந்திருக்கிறது என்பாள்.

ஒரு வருடம் ஆகியிருக்கும். சென்னையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று குழுவில் செய்தி வந்தது. கால் மட்டும் பாதித்த எங்கள் பிரிவில் ஓர் ஆளைத்தான் எடுப்பார்கள். அணியில் இடம் கிடைத்த பிறகு தனக்கு மாடி வீட்டை மாற்றிக் கீழ்வீடு கொடுத்தார்கள் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அது எனக்குள் இறங்கிவிட்டது. எங்கள் கட்டடத்தில் கீழே தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. மனைவியிடம் சொன்னேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அதன் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். சுவர் ஊறியிருக்கிறது, ஆனால் வாசல் நேராகத் தெருவில் திறக்கிறது என்றாள்.

தம்பியும் வருவதாகச் சொன்னான். நேரில் வேறு மாதிரி இருக்கும் அண்ணே என்று ஒரு தரம் சொன்னான். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

தோழர்கள் நாலு பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து என்னைத் தூக்கி இறக்கினார்கள். குட்டியானை லோடு வண்டியில் போனோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். ஜெயித்துவிட்டு வா என்று ஒரு அம்மா சொன்னார்.

அரங்கத்தில் உடுப்பு, கத்தி, நாற்காலி எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். நாற்காலியைச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்னால் தூரம் அளந்தார்கள். ஒருவர் கையை நீட்டினால் அவர் கத்தி முனை எதிரில் இருப்பவரின் முழங்கை வரை வர வேண்டும். யார் கையை வைத்து அளப்பது என்பதைக் குட்டைக் கைக்காரர் சொல்லலாம். என் கைதான் குட்டை என்று என்னிடம் கேட்டார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போனில் எங்களுக்கு நடுவில் தூரமே கிடையாது.

எங்கள் பிரிவில் நான்கு பேர். முதல் இரண்டு ஆட்டமும் தோற்றேன். கடைசியில் தம்பி. நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போனில் பார்த்ததை விடத் தோள் அகலம். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வலையை இறக்கினான்.

கையை நீட்டினேன். அவன் இடுப்பிலிருந்து ஒரு சாண் பின்னால் சாய்ந்தான். என் கத்தி காற்றில் நின்றது. சாய்ந்தவன் அப்படியே திரும்பி வந்தான். நெஞ்சில் பட்டது. அவன் பக்கம் விளக்கு எரிந்தது. எனக்குச் சாயத் தெரியாது. கட்டிப்போட்ட நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்து பழகியவன். பின்னால் சாய்ந்தால் விழுந்துவிடுவேன் என்று பயம். அதே மாதிரி இரண்டாவது. பிறகு கையில். பிறகு தோளில். கடைசிக் குத்து எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அவனுக்கு ஐந்து, எனக்கு ஒன்று கூட இல்லை. என் பக்கத்து விளக்கு ஒரு தடவை கூட எரியவில்லை.

கை கொடுத்துக்கொண்டோம். பிறகு தண்ணீர் குடிக்கும் இடத்தில் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். ஒரு வருடமாக இவன் சொன்னதெல்லாம் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"தம்பி, போன்ல பட்டுச்சு பட்டுச்சுன்னு சொன்னியே. அது இன்னா?"

அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாமே சும்மா குடுத்தது இல்லண்ணே. சிலது நெசமாவே பட்டுச்சு."

"எது?"

"அது இப்ப எனக்கே தெரியலண்ணே. மொத நாள் போன் போட்டப்ப ஒங்க மொகத்தப் பாத்தேன். அதான்."

"இன்னைக்கு ஒன்னு குடுத்திருக்கலாமே."

"இன்னைக்கு எனக்கும் வேணும்லாண்ணே."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவனுக்கும் ஒரு வீடு, ஒரு கடை, பிடித்து ஏறவேண்டிய ஏதோ ஒரு படி இருந்திருக்கும். இடம் அவனுக்குத்தான் கிடைத்தது. தோளில் தட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது.

திரும்பி வந்து படி ஏறும்போது தோழர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். தோற்றதும் மாமு வெயிட் ஏறிவிட்டான் என்றார்கள். இரண்டாவது மாடிக்கு வந்ததும் மூச்சு வாங்க என்னை அங்கே இறக்கி வைத்தார்கள்.

"வுடு மாமு, அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றான் ஒருவன்.

அடுத்த தடவையும் நாலு பேர் லீவு போட வேண்டும். அவர்களுக்கும் கப்பல் வேலை இருக்கிறது. திரும்பவும் தூக்கினார்கள்.

மனைவி அன்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "சரி, கை கழுவு" என்றாள். கொஞ்ச நாள் கழித்துக் கீழே இருந்த அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடி வந்துவிட்டார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மோட்டார் பக்கம் கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டு நானே தெரிந்துகொண்டேன்.

தம்பி சாயங்காலம் கூப்பிடுவான். கம்பை எடுங்க அண்ணே என்பான். கை வலிக்கிறது என்பேன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசுவோம். அவன் அணியோடு வெளியூர் போனான். பிறகு போன் வருவது குறைந்தது. குழுவில் இன்னும் இருக்கிறேன், பேசுவதில்லை.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் போட்ட பொய்யில்தான் அந்த ஒரு வருடம் நான் சாப்பிட்டேன், தூங்கினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம். ஆனால் அதற்குப் பிறகு ஒன்று என்னிடமிருந்து போய்விட்டது. இன்றைக்கும் யாராவது என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னால், அது நான் சம்பாதித்ததா, அவர்கள் இரக்கப்பட்டுப் போட்டதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.