ஸ்டெல்லா அக்கா பார்த்துக் கொடுத்த ஜீப்

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில், பெருங்களத்தூர் சிக்னலில் நின்றபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா காலைல எழுந்திரிக்கல, குமார்" என்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எப்படி ஓரம் கட்டினேன் என்று நினைவில்லை.

திருமுடிவாக்கத்தில் ஒரே கம்பெனியில் பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் குவாலிட்டி பிரிவு, நான் டெஸ்பாட்ச். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு போல்ட்கூட என்னிடம் வராது. வார இறுதிகளில் ஜீப்களில் மலைப் பக்கம் கிளம்பும் நம் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

சொந்தமாக ஒரு பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி வாங்க ஆசைப்பட்டேன். மேடவாக்கத்தில் ஒரு சிவப்பு ஜீப், புதிதுபோல் பளபளவென்று நின்றது. அன்றே முடித்துவிட இருந்தேன். கூட வந்த அக்கா பானெட்டைத் திறக்கவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதி முழுக்கப் பழுப்புக் கறை. சீட்டுக்கு அடியில் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். காய்ந்த சேறு.

"வெள்ளத்துல முங்குன வண்டி, குமார். வேணாம்."

விற்பவர் முன்னால் எனக்கு அவமானமாகிவிட்டது. "உங்களுக்கு எதுதான்க்கா பிடிக்கும்? எல்லாத்துலயும் குறை!" என்று கத்தினேன். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். வண்டியை நான் வாங்கவில்லை. ஆனாலும் மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. அந்த மூன்று வாரமும் சாயங்காலங்களில் அவர் எனக்காக வண்டி தேடி அலைந்தார் என்பதை அடக்கத்தன்று அவர் தம்பி சொல்லித்தான் அறிந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவரே போன் செய்தார். "பீர்க்கன்கரணைல ஒண்ணு இருக்கு. பாக்க நல்லா இருக்காது. வா."

நல்லாவே இல்லை. பெயின்ட் வெளுத்து, ஒரு கதவு நசுங்கியிருந்தது. ஏரிப் பக்கம் மண் தரையில் நிறுத்தி, நாலு சக்கரமும் இழுக்கும் கியரைப் போடச் சொன்னார். "நெறைய பேர் இதைத் தொடறதே இல்ல. தொடலைன்னா இறுகிடும்." லிவர் சுலபமாக விழுந்தது. பிறகு என்னை ஓட்டச் சொல்லி, பின்சீட்டில் ஏறி, அரைமணி நேரம் அத்தனை வேகத்தடைகளிலும் குலுங்கிக்கொண்டு வந்தார்.

"முன்னாடி உக்காந்து நீ பாத்துடுவ. ஷீலாவுக்கு முட்டி வலி. அவ உக்காரப்போற எடத்தை யாரு பாக்கறது?"

ஷீலா என் மனைவி. அவள் முட்டியை நான் யோசித்திருக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ரோட்டைப் பாரு" என்றார். அந்த ஜீப்பையே வாங்கினேன்.

போன மழைக்காலத்தில் அந்த ஜீப்பில் ஜவ்வாது மலைக்குப் போனது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பாதையின் குறுக்கே ஓடை. தாண்டிவிடலாம் என்று நாம் எல்லோரும் கத்தினோம். அக்கா மட்டும் இறங்கி, ஒரு குச்சியை ஊன்றி முழங்கால் தண்ணீரில் நடந்து பார்த்துவிட்டு வந்தார். "திருப்பு" என்றார். நான் முறைத்தேன். "திரும்பிப் போறதுக்கும் நல்ல வண்டி வேணும்டா" என்று சிரித்தார். திரும்பினோம்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது "திருப்பு" என்ற அந்த ஒரு சொல்லைத்தான். ரோஷம் தலைக்கேறும்போது அது எனக்கு இன்னும் சட்டென்று வருவதில்லை. பழகிக்கொள்கிறேன், அக்கா.