மூன்றாவது சுற்றில் நிறுத்திக்கொண்ட எங்கள் அண்ணன்

அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் பலருக்கு அவரைப் பற்றி ஒரு செய்தி மட்டும் நன்றாகத் தெரியும்: தருமபுரியில் நடந்த குத்துச்சண்டையைப் பாதியில் விட்டு இறங்கியவர். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. ஆகவே அதையும் எழுதுகிறேன்.

அண்ணன் கடத்தூருக்கு அருகே, வயலுக்கு நடுவே இருந்த எங்கள் காட்டு வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். பள்ளி முடித்ததும் அண்ணன் ராணுவத்தில் சேர்ந்தார். குத்துச்சண்டை அங்கே பழகியதுதான். அவருடைய எடைப் பிரிவில் பல ஆண்டுகள் அவரை யாரும் வென்றதில்லை. ஓய்வு பெற்று வந்த அன்று பேருந்து நிறுத்தத்திலிருந்து மாலை போட்டு வீடு வரை அழைத்து வந்தார்கள். ஊருக்கு அவர் ‘பாக்ஸர்’.

எண்பதுகளின் தொடக்கத்தில், தருமபுரியில் ஒரு மைதானத்தில் மேடை கட்டி, கோலார் பக்கத்து இளம் வீரர் ஒருவரோடு அண்ணனை மோதவிட்டார்கள். நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தோம். முதல் இரண்டு சுற்றுகளிலும் அண்ணன் கையே ஓங்கியிருந்தது. மூன்றாவதில் அவர் விலாவில் ஓர் அடி விழுந்தது. அவர் விழவில்லை, ரத்தமும் இல்லை. சற்றுப் பின்வாங்கி, நடுவரைப் பார்த்து, “போதுங்க” என்றார். மேடைக் கயிற்றை விலக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். என்ன நடந்தது என்று கூட்டத்துக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு செருப்புகள் வந்து விழுந்தன.

போட்டியை நடத்தியவர்கள் வீட்டுக்கு வந்து, கை முறிந்துவிட்டதாகச் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், ஊர் வாய் அடங்கும் என்றார்கள். அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். “கை நல்லாத்தானுங்க இருக்குது” என்றார்.

பிறகு தருமபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் ஓடும் தனியார் பேருந்தில் கண்டக்டரானார். சிலர் டிக்கெட் வாங்கும்போதே, பாதி வழியில் இறக்கிவிட்டுவிடுவீர்களா என்று கேட்பார்களாம். அண்ணன் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். வென்ற பதக்கங்கள் கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கின. வீட்டுக்கு வந்தவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு, விட்டு வந்த சண்டையைப் பற்றித்தான் கேட்டார்கள்.

எனக்கு ஏரியூரிலிருந்து வரன் வந்தது. அந்தப் பேச்சு எழக் கூடாதே என்று அம்மா பயந்தார். எழுந்தது. பிற்பாடு என் மாமனாரானவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “ஏந்தம்பி, ஜெயிக்கிற சண்டைய ஏன் உட்டுட்டு வந்தீங்க?”

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் உடனே பதில் சொல்லிவிட்டார்.

“பயந்துட்டனுங்க. அந்த அடி விழுந்ததும் மூச்சு திரும்பல. இன்னொன்னு அங்கயே விழுந்தா செத்துருவேன்னு தோணிப்போச்சு. அவ்வளவுதானுங்க.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் காபியைக் குடித்து முடித்தார். பிறகு, கல்யாணத்தைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

போன வருடம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அந்தக் கோலார் வீரர் பார்க்க வந்தார். கன்னடம் கலந்த தமிழில், தன் ஊரில் அந்த வெற்றியை யாரும் வெற்றியாகக் கருதவில்லை, எதிராளி விட்டுக்கொடுத்தது என்றே இன்றும் சொல்கிறார்கள் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “அந்த ரவுண்டுல எனக்குக் கை தூக்க முடியல சார். நானும் போதும்னு சொல்றதுக்குத்தான் இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க” என்றார்.

“கொஞ்சம் பொறுத்திருக்கலாம் போலிருக்குதே” என்றார் அண்ணன். இருவரும் சிரித்தார்கள்.

அவர் போன பிறகு அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்ட செய்தி அவருக்கு ஆறுதலாக இருந்ததா, வருத்தமாக இருந்ததா, எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவர் உயிர் பிரிந்தது.

கடைசி நாட்களில் அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்து வந்து உடனிருந்த பேருந்து ஓட்டுநர்களுக்கும், ஊரிலிருந்து அம்மாவுக்குத் துணையாக வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணன் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குக் குத்துச்சண்டை தெரியாது. அந்தச் சண்டையை மறந்துவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. பேச்சு வரும்போது, அவர் பயந்தார் என்று சொல்லுங்கள். அவரைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்.