நேராக நின்ற ஸ்டியரிங், அடிக்காத ஹாரன்

கார் எலக்ட்ரிகல் வேலையில், வண்டியைக் கெடுத்தவர் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன்தான் திட்டு வாங்குவான். மிக்சியோ டிவியோ தையல் மெஷினோ, எதைப் பழுது பார்க்கிறவராக இருந்தாலும் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். எனக்கு இது முழுதாகப் புரிந்தது, ஸ்டியரிங்கிலேயே பாட்டுப் பொத்தான் வைத்த கார்கள் செங்கல்பட்டுப் பக்கம் வரத் தொடங்கிய பிறகு.

விஷயம் எளிது. ஸ்டியரிங் வளையத்துக்கு அடியில் ஒரு வட்ட டப்பா. அதற்குள் சுருட்டி வைத்த மெல்லிய நாடா. ஹாரன், பாட்டுப் பொத்தான், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் இணைப்பு அந்த நாடா வழியாகத்தான். வளையத்தைக் கழற்றுகிறவர் டயர்களை நேராக நிறுத்தி, நாடாவை நடுவில் வைத்து, பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும். தவறினால், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துத் திருப்பும்போது நாடா அறுந்துவிடும். இதை நல்ல தமிழில், நிறுத்தற்குறிகளோடு எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒரே ஒருவர் கடைசிவரை படித்தார். படித்துவிட்டு, திருக்கழுக்குன்றம் பஸ் இங்கே நிற்குமா என்று கேட்டார்.

ஐந்து நிமிட வேலை

ஏழுமலை, நெம்மேலியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் டிரைவர். அந்த அம்மாளுக்குக் கோணல் என்றாலே ஆகாது. பின்சீட்டில் இருந்தபடியே, ஸ்டியரிங் நடுவிலுள்ள கார் கம்பெனிச் சின்னம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஏழுமலை வண்டியைச் சக்கர அலைன்மென்ட் பார்க்கும் தாமோதரனிடம் கொண்டுபோனார். தாமோதரன் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றி, சின்னம் நேராக நிற்கும்படி மாட்டி அனுப்பிவிட்டார். மாமல்லபுரத்தில் வண்டியைத் திருப்பும்போது 'பட்' என்று ஒரு சத்தம். ஹாரன் போயிற்று, பாட்டும் போயிற்று. ஏர்பேக்கின் சிவப்பு விளக்கு மட்டும் புதிதாக வந்தது. அதோடு ஏழுமலை என் கடைக்கு வந்தார்.

இன்னொரு தடவை ஹாரன் நின்றால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வதாக அம்மாள் சொல்லிவிட்டாராம். ஏழுமலை மனைவி, குழந்தைகளோடு குடியிருந்ததே அந்த வீட்டுக் கார் ஷெட்டை ஒட்டிய அறையில்தான். வேலை போனால் வீடும் போகும். நான் பேட்டரியைத் துண்டித்து, சற்றுப் பொறுத்து, புது நாடா போட்டு, வளையத்தை இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினேன். காரணத்தையும் விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏழுமலை சொன்னார்:

"அதெல்லாம் சரிண்ணா. ஸ்டேரிங் திரும்பக் கோணையா கீதே, டீச்சரம்மா கேட்டா இன்னா சொல்றது?"

ஆராய்ச்சியாளர்

நடுவே சிறுசேரி மென்பொருள் கம்பெனிப் பையன் ஒருவர். கவர் தைப்பதற்காக ஸ்டியரிங்கைத் தானே கழற்றியிருக்கிறார். உள்ளே இருந்த வட்ட டப்பா சுற்றுகிறதே என்று ஆர்வம். "சுற்றினீர்களா?" என்று கேட்டேன். "சுத்தினேன் சார். கொஞ்ச நேரத்துல டைட் ஆச்சு," என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்றேன். பெருமை குறையாமல் அவர் சொன்னது:

"லைட்டா பலம் குடுத்தேன் சார், அப்புறம் ஃப்ரீ ஆயிடுச்சு, இப்போ எவ்ளோ வேணா சுத்தலாம்!"

வெள்ளைக் கோடு

ஏழுமலையின் வண்டிக்கு ஒரு காவல் போட்டிருந்தேன். தண்டிலும் வளையத்திலும் சேர்ந்தாற்போல வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. பக்கத்தில் 'கழற்றாதீர்கள்' என்று ஒரு சீட்டு.

சில நாளில் ஏழுமலை மறுபடி வந்தார். தொண்டை கட்டியிருந்தது. அம்மாள் கோணலைப் பற்றி மறுபடி கேட்க, அவர் மறுபடி தாமோதரனிடம் போக, நாடா மறுபடி அறுந்திருக்கிறது. நெம்மேலியிலிருந்து ஜன்னலில் தலையை நீட்டி, வழியெல்லாம் கத்திக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறார். நல்லவேளை, அம்மாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், மறுநாள்தான் திரும்புவார். பிரித்துப் பார்த்தேன். கோட்டின் ஒரு பாதி ஓரிடத்திலும் மறுபாதி வேறிடத்திலும் நின்றன. என் சீட்டை மட்டும் நாலாக மடித்துப் பத்திரமாக உள்ளேயே வைத்திருந்தார்கள். கோட்டைப் பார்த்துமா கழற்றினார் என்றேன். ஏழுமலை கரகரத்தார்:

"அந்தக் கோடே கோணையா இருந்துச்சாம்ணா, அதையும் சேத்து நேராக்கிட்டேன்னாரு."

தாமோதரன் தரப்பு

ஏழுமலையை வண்டியோடு கூட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு தாமோதரன் கடைக்குப் போனேன். டயரோடு சேரும் ராடைத் திருகினால் ஸ்டியரிங் தானாக நேராகும். வளையத்தைத் தொடவே வேண்டாம். அலைன்மென்ட் என்பதே அதுதான் என்று தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் டார்ச் விளக்கை என் கையில் திணித்து, வண்டிக்கடியில் படுக்கச் சொன்னார். படுத்தேன். நட்டு எது, ராடு எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே துரு. பக்கத்தில் படுத்த தாமோதரன் சொன்னார்:

"கடலு வூட்டு வாசல்லயே கீது, நட்டு உப்புல ஒட்டிக்கிச்சு, இத திருப்பி ராடு முறிஞ்சா ஆளே பூடுவான், வளையத்த திருப்பினா ஹாரன்தானே பூடுது வாத்தியாரே?"

ஆட்டு மந்தை

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாடா மிச்சமாகியிருக்கும். இருவருமாகப் பழைய ராடை அறுத்தெடுத்துப் புதிது போட்டோம். அவர் அலைன்மென்ட் பார்த்தார். நான் நாடாவை நடுவில் வைத்தேன். மறுநாள் அம்மாள் பின்சீட்டில் ஏறினார். நிரூபித்துக் காட்ட நான் முன்சீட்டில். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்னத்தைப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

கொஞ்ச தூரத்தில் சாலை நிறைய ஆடுகள், அவற்றை ஓட்டிக்கொண்டு ஒரு பெண். ஏழுமலை தலையை வெளியே நீட்டி, "ஏய், ஓரமா ஓட்டிக்கினு போம்மா!" என்று அலறினார்.

"ஹாரன் சரியாயிடுச்சுன்னு சொன்னியே, பின்ன ஏன் கத்தற?" என்றார் அம்மாள்.

"சரியாத்தான் கீதும்மா. அமுக்கினா திரும்பப் பூடுமோன்னு பயமா கீது."

எனக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டி நானே ஹாரனை அழுத்தினேன். கணீரென்று அடித்தது. ஆடுகள் மிரண்டு, நடுச்சாலையிலேயே ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிட்டன. ஏழுமலை மறுபடி கத்திய பிறகுதான் நகர்ந்தன. அம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

"நீ பயப்படாம ஓட்டு ஏழுமலை. இனிமே ஹாரன் நின்னா டிரைவரை மாத்த மாட்டேன், எலக்ட்ரீஷியனை மாத்திடலாம்."

ஆக, சக பாவிகளே, ஸ்டியரிங்கை நேராக்கலாம், நாடாவை நடுவில் நிறுத்தலாம், ஆனால் பழியை மட்டும் எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது ரிப்பேர்காரன் பக்கமே வந்து நிற்கிறது.